ஒரு நாளை எழுதி ஓர் ஆயுளை அளப்பது எப்படி

மனிதன் தன் வாழ்நாளில் 26 ஆண்டுகள் தூங்குகிறான், ஆறு மாதம் போக்குவரத்து சிக்னலில் நிற்கிறான் என்று வண்ண வண்ண வட்டங்கள் போட்ட ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. எங்கள் குடும்பக் குழுவில் அதை அனுப்புகிறவர் என் பெரியப்பா மகன். ஆலங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் அவருடையது. அங்கே சிக்னல் கம்பமே கிடையாது. ஆனாலும் அந்த ஆறு மாதத்துக்காக அவர் வருத்தப்படுகிறார்.

இந்த மாதிரிப் படங்களைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி, 2016–20 காலத்தில், 70 ஆண்டுகள். நான் 72 என்று வைத்துக்கொள்கிறேன். 70-க்குப் பக்கத்தில் இருக்கிறது, 24-ஆல் மீதமில்லாமல் வகுபடுகிறது, அவ்வளவுதான் காரணம். 72 ஆண்டுகள் வாழ்கிறவருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் என்பது ஆயுளில் 3 ஆண்டுகள். 20 நிமிடம் என்றால் ஓர் ஆண்டு. 10 நிமிடம் என்றால் ஆறு மாதம். ஒரே ஒரு நிமிடம்கூட 18 நாளாகிவிடும்.

இப்போது சிக்னலுக்கு வாருங்கள். ஆறு மாதம் என்றால், பிறந்த நாள் முதல் கடைசி நாள் வரை, தொட்டிலில் கிடக்கும்போதும் படுக்கையில் விழுந்த பிறகும், ஒரு நாள் தவறாமல் 10 நிமிடம் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும், மற்றவர்களின் நாளை விசாரித்து எழுதுவதே என் பிழைப்பாக இருந்தது.

புள்ளிவிவரக் கணக்கெடுப்பில் களப்பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். கையில் நோட்டும் பேனாவுமாக எந்தப் பெண் வந்தாலும் அந்தப் பக்கத்தில் அவளுக்கு ‘டீச்சர்’ என்றுதான் பெயர். நான் நிரப்பியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் குறைத்துச் சொல்வார்கள், செலவைக் கேட்டால் கூட்டிச் சொல்வார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பொய் சொல்ல யாருக்கும் அவ்வளவாகத் தோன்றுவதில்லை.

அந்த முறையை நீங்களே உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, நாலு நாள் பொறுமை இருந்தால் போதும்.

தாளைத் தயார் செய்வது

நாளை நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்காதீர்கள். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணிக்கு முடியுங்கள். இந்தியாவின் கணக்கெடுப்பும் அப்படித்தான், அமெரிக்காவில் 2003 முதல் ஆண்டுதோறும் நடக்கும் கணக்கெடுப்பும் அப்படித்தான். நள்ளிரவில் கணிசமான பேர் விழித்திருக்கிறார்கள். இரண்டாவது ஆட்டம் முடிந்து வருகிறவர், பஸ்ஸில் பயணம் செய்கிறவர், போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் எல்லாருடைய வேலையும் இரண்டு நாளாக வெட்டுப்பட்டுவிடும். அதிகாலை 4 மணிக்குத்தான் பெரும்பாலானவர்கள் ஒரே காரியத்தில், அதாவது தூக்கத்தில், இருக்கிறார்கள்.

தாளில் 48 வரிகள் போடுங்கள். வரிக்கு அரை மணி நேரம். வரியின் இடப்பக்கம் நேரம், அடுத்து ‘முதன்மையாகச் செய்தது’, அடுத்து ‘கூடவே செய்தது’, கடைசியில் ‘எங்கே, யாருடன்’. அரை மணி நேரத்தைவிடச் சின்னதாகப் பிரிக்க ஆசை வரும். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 10 நிமிடமாகவே பிரிக்கிறார்கள். அங்கே ஆட்கள் தாங்களே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பு அது. ஞாபகத்திலிருந்து எழுதும்போது 10 நிமிடக் கட்டங்கள் வெறும் கற்பனையைத்தான் நிரப்பும்.

ஒரு வரிக்குள் எத்தனை வேலையை எழுதுவது? குறைந்தது 10 நிமிடம் நீடித்ததை மட்டும் எழுதுங்கள், அதிகபட்சம் மூன்று. கணக்கெடுப்பின் விதியும் இதுவே. தண்ணீர் குடித்தது, செருப்பைத் தேடியது எல்லாம் வேண்டாம்.

நேற்றைக் கேளுங்கள், வழக்கத்தைக் கேட்காதீர்கள்

முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘தினமும் எவ்வளவு நேரம் சமைப்பீர்கள்?’ என்று கேட்டால் பதில் உடனே வரும், ஆனால் பயன்படாது. தன்னைப் பற்றித் தனக்கு இருக்கும் எண்ணத்தைத்தான் மனிதர் அப்போது சொல்கிறார். நாளுக்குப் பத்து மணி நேரம் உழைப்பதாகச் சொன்ன ஒரு கடைக்காரரிடம் நேற்றைய நாளை வரி வரியாகக் கேட்டு எழுதினேன். நாலரை மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாளும் அரட்டையும். அவர் பொய் சொல்லவில்லை. கடை திறந்திருந்த நேரமெல்லாம் அவருக்கு உழைப்பாகத் தெரிந்திருக்கிறது.

அதனால் அதிகாலை 4 மணியில் தொடங்கி, ‘அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதற்கப்புறம்? அதற்கப்புறம்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். உங்களையே கேட்டுக்கொண்டாலும் இதே வழிதான். நடுவில் ஞாபகம் அறுந்துபோனால் கடிகாரத்தைத் தேடாதீர்கள். நாளில் ஏற்கெனவே முளையடித்து வைத்தது போல நிற்கிற விஷயங்களைப் பிடியுங்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது எழுந்துவிட்டீர்களா? குழாயில் தண்ணீர் வந்தது எத்தனை மணிக்கு? பால்காரர் வந்தபோது கோலம் போட்டாயிற்றா? பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் போன பிறகு சாப்பிட்டீர்களா, முன்பா? ராத்திரி எந்த சீரியல் ஓடும்போது அடுப்பை அணைத்தீர்கள்? கைக்கடிகாரம் கட்டாத பெண்கள்கூட இந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடத் துல்லியத்தோடு பதில் சொல்வார்கள். சீரியல் நேரத்தை வைத்து நான் கண்டுபிடித்த சமையல் நேரங்களுக்குக் கணக்கில்லை.

வீட்டுப் பெண்களிடம் கேட்கும்போது பக்கத்தில் கணவரோ மாமியாரோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மத்தியானத் தூக்கம் படிவத்திலிருந்து காணாமல் போய்விடும். ஆண்களுக்கு மறைந்துபோவது டீக்கடை. மனைவி பக்கத்தில் இருந்தால் டீக்கடையில் நின்ற ஒரு மணி நேரம் ‘பேங்க் வேலை’ ஆகிவிடும்.

இரவை விட்டுவிடாதீர்கள். ‘பத்து மணிக்குப் படுத்தேன், ஐந்து மணிக்கு எழுந்தேன்’ என்று ஒரே கோடாகச் சொல்லிவிடுவார்கள். இடையில் எழுந்தீர்களா என்று தனியாகக் கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டிலும், படுக்கையில் கிடக்கும் பெரியவர் உள்ள வீட்டிலும் அந்தக் கோடு மூன்று நாலு துண்டாக உடையும். வயலுக்கு நீர் பாய்ச்சும் முறை இரவில் வருகிற ஊர்களில் ஆண்களுக்கும் அப்படியே.

ஒரே நேரத்தில் மூன்று வேலை

பீடி சுற்றும் வீடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மத்தியானம் இரண்டு மணி. திண்ணையில் ஒரு அம்மா மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு இலையைச் சுருட்டித் தூள் வைத்து நூல் சுற்றுகிறார். எதிரே டி.வி. ஓடுகிறது. காலடியில் பேரன் விளையாடுகிறான், அவன் தெருவுக்கு இறங்காமல் ஒரு கண் அங்கேயே. இரண்டு மணி நேரம் இப்படிப் போகிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்கெடுப்பில் ஒரே நேரத்தில் நடந்தவற்றுக்குச் சமமாகப் பங்கு போடுவார்கள். பீடிக்கு 40 நிமிடம், டி.வி.க்கு 40, பேரனைப் பார்த்துக்கொண்டதற்கு 40. இப்படிச் செய்தால்தான் மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டாது. கூட்டல் சரியாக இருக்கும். ஆனால் அந்த அம்மாவின் கை இரண்டு மணி நேரமும் ஓய்ந்ததில்லை. கம்பெனிக்காரரும் 40 நிமிடத்துக்கான பீடியை வாங்கிக்கொண்டு போகவில்லை.

அதனால்தான் ‘முதன்மையாகச் செய்தது’, ‘கூடவே செய்தது’ என்று இரண்டு பத்திகள் போடச் சொன்னேன். கூட்டல் கணக்கை முதல் பத்தியை வைத்துப் போடுங்கள். அதில் கூலியும் பொறுப்பும் எதனோடு போகிறதோ அந்த வேலையை எழுதுங்கள். டி.வி.யும் பேரனும் இரண்டாவது பத்தியில் இருக்கட்டும். கடைசியில் இரண்டாவது பத்தியைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஆண்களின் தாளில் அது பெரும்பாலும் போனும் டி.வி.யும் டீயுமாக இருக்கும். பெண்களின் தாளில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது, அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டது, தொட்டி நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டது.

செல்போனில் திரை நேரத்தைக் காட்டும் வசதி இருக்கிறதே, அதைப் பார்த்து எழுதினால் போதாதா என்று என் மருமகன் கேட்டார். எவ்வளவு நேரம் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே பார்த்ததா, பஸ்ஸில் பார்த்ததா, தூக்கம் வராமல் பார்த்ததா என்பது அதற்குத் தெரியாது. எழுதி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதும் போன் சொல்வதும் அநேகமாக ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தையும் தாளின் அடியில் குறித்துவிடுங்கள்.

எது எந்தத் தலைப்பில்

ஐ.நா.வின் 2016 வகைப்பாட்டில் மனிதர்கள் செய்யும் எல்லாமே ஒன்பது தலைப்புகளுக்குள் அடங்கிவிடும்: வேலை, சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி, சம்பளமில்லாத வீட்டுவேலை, வீட்டிலுள்ளவர்களைப் பராமரித்தல், தொண்டும் சம்பளமில்லாத பிற பணிகளும், கற்றல், பழகுதலும் சமூக ஈடுபாடும் வழிபாடும், பொழுதுபோக்கும் ஊடகமும் விளையாட்டும், கடைசியாகத் தூக்கம் உணவு குளியல் அடங்கிய சுயபராமரிப்பு.

வீட்டுக்கு இந்த ஒன்பதே போதும். புதிதாகத் தலைப்பு கண்டுபிடிக்க வேண்டாம். இடறும் இடங்கள் சில உண்டு. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவதும் விறகு பொறுக்கப் போவதும் வீட்டுவேலை அல்ல, இரண்டாவது தலைப்பில் உற்பத்தியாகச் சேரும். வீட்டு ஆட்டைச் சொந்த உபயோகத்துக்கு வளர்த்தால் அதுவும் அங்கேயே, விற்க வளர்த்தால் முதல் தலைப்பில். தோழியோடு போனில் பேசுவது பழகுதல், அதே போனில் வீடியோ பார்ப்பது பொழுதுபோக்கு. பயணத்துக்குத் தனித் தலைப்பு கிடையாது, எதற்காகப் போனீர்களோ அதோடு சேரும். ஆனாலும் நான் பயணத்தைத் தனியாகவும் ஒரு ஓரத்தில் கூட்டி வைக்கச் சொல்வேன். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு அந்த எண்தான் முதலில் உறைக்கும்.

ரேஷன் கடை வரிசை எதில் சேரும் என்று எல்லாரும் கேட்பார்கள். வீட்டுக்குப் பொருள் வாங்கும் வேலையின் பகுதி அது. வீட்டுவேலை.

எந்த நாட்களை எழுதுவது

ஒரு நாளை மட்டும் எழுதினால் அது அந்த நாளைத்தான் சொல்லும். வேலை நாள் இரண்டு, விடுமுறை நாள் ஒன்று, வழக்கத்துக்கு மாறான நாள் ஒன்று: இந்த நாலும் வேண்டும். வழக்கத்துக்கு மாறானது என்றால் கல்யாணம், கோயில் கொடை, துஷ்டி வீடு, ஆஸ்பத்திரி. கணக்கெடுப்பிலும், நேற்று உங்களுக்குச் சாதாரண நாள்தானா என்று ஒரு கேள்வி கட்டாயம் உண்டு.

பிறகு உங்கள் ஆண்டைப் பிரியுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஏறக்குறைய 280 வேலை நாள், 60 விடுமுறை நாள், 25 மாறான நாள் என்று வைக்கலாம். விவசாயக் கூலிக்கு இந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது. நடவும் அறுப்பும் உள்ள மாதங்கள் வேறு, மற்ற மாதங்கள் வேறு, நூறு நாள் வேலை கிடைக்கும் வாரங்கள் வேறு. அவர்களுக்குப் பருவத்துக்கு ஒரு தாளாவது வேண்டும். இல்லத்தரசிக்கு இந்தப் பிரிவு பொருந்தாத காரணம் வேறு: ஞாயிற்றுக்கிழமைத் தாளில் சமையல் நேரம் கூடித்தான் இருக்கும்.

நாளிலிருந்து ஆயுளுக்கு

இங்கேதான் வாட்ஸ்அப் படங்கள் தடுக்கி விழுகின்றன. இன்றைய நாளை 72 ஆண்டுகளால் பெருக்கிவிடுகிறார்கள். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது ஓரளவு சரி. 2024-இல் நடந்த இந்தியக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் சுயபராமரிப்புக்குச் செலவிட்டது நாளுக்கு 708 நிமிடம். 20-ஆல் வகுத்தால் 35.4 ஆண்டு. ஏறக்குறைய பாதி ஆயுள் தூங்கி, உண்டு, குளித்து, உடுத்துவதிலேயே போகிறது. பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு மூன்றுக்கும் சேர்த்து 171 நிமிடம், அதாவது எட்டரை ஆண்டு.

வேலை, படிப்பு, சமையல் போன்றவை ஆயுள் முழுவதும் நடப்பவை அல்ல. அவற்றுக்கு 20 நிமிட வாய்ப்பாட்டைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஆண்டுக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி, எத்தனை ஆண்டு’ என்று மூன்றையும் பெருக்கி, 8,760-ஆல் வகுங்கள். ஓர் ஆண்டில் இருக்கும் மணி நேரம் அது.

பாளையங்கோட்டையில் ஓர் அலுவலக எழுத்தரை வைத்துப் பார்ப்போம். 15 ஆண்டு படித்தார். ஆண்டுக்கு 220 நாள், நாளுக்கு 7 மணி: 23,100 மணி. 8,760-ஆல் வகுத்தால் 2.6 ஆண்டு. ஒருவரின் படிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது வகுப்பறையில் இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல்தான். பிறகு 36 ஆண்டு வேலை. 280 நாள், 8 மணி: 80,640 மணி, அதாவது 9.2 ஆண்டு. போகவர நாளுக்கு 2 மணி நேரப் பயணம் என்றால் இன்னொரு 2.3 ஆண்டு.

இப்போது அவர் மனைவி. 2024 கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிட்டார்கள். இந்த அம்மாவுக்கும் அதையே வைப்போம். ஐந்து மணிக்கும் குறைவுதானே, எட்டு மணி நேர வேலைக்கு எதிரே என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் அவருக்கு 365 நாள். பணி ஓய்வும் இல்லை. 20 வயதிலிருந்து 70 வரை 50 ஆண்டு. பெருக்கினால் 87,900 மணி நேரம், 10 ஆண்டு. எழுத்தர் வேலை பார்த்ததைவிட முக்கால் ஆண்டுக்கு மேல் அதிகம். பிள்ளைகளையும் மாமனாரையும் பார்த்துக்கொண்டது இதில் சேரவில்லை. அது தனித் தலைப்பு.

இந்தக் கணக்கை முதன்முதலில் ஒரு வீட்டில் போட்டுக் காட்டியபோது அந்த வீட்டுக்காரர் கால்குலேட்டரை வாங்கித் தானே மறுபடி தட்டிப் பார்த்தார். விடை மாறவில்லை. தண்ணீர் குடிக்க அவரே எழுந்து போனார்.

ஓர் எச்சரிக்கை. 8,760-ஆல் வகுப்பது ‘ராத்திரி பகல் சேர்ந்த ஆண்டு’. எட்டு மணி நேரத் தூக்கத்தைக் கழித்து, விழித்திருக்கும் நேரத்தை மட்டும் ஓர் ஆண்டாக எண்ணினால் 5,840-ஆல் வகுக்க வேண்டும். அப்போது எழுத்தரின் வேலை 13.8 ஆண்டாகிவிடும். இரண்டும் சரி. ஒரு வரியை ஒன்றாலும் அடுத்த வரியை இன்னொன்றாலும் வகுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதுதான் தவறு. பத்திரிகைத் துணுக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது.

சராசரியை நம்புவதற்கு முன்

உங்கள் எண்ணை நாட்டின் எண்ணோடு ஒப்பிட ஆசை வரும், வரட்டும். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தியா முழுவதும் முதன்முதலாக 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. (1998–99-இல் ஆறு மாநிலங்களில் மட்டும் ஒரு முன்னோட்டம் நடந்தது, அதில் தமிழ்நாடும் உண்டு.) 1,38,799 வீடுகள், ஆறு வயதுக்கு மேற்பட்ட 4,47,250 பேர். வீட்டுவேலைக்குப் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று அந்த அறிக்கையை ஒட்டி எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. படித்த ஆண்கள் பலர், பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறோமே என்று நினைத்திருப்பார்கள்.

அந்த 97 நிமிடம், வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி. அந்த நாளில் வீட்டுவேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26.1 பேர்தான். மீதி 74 பேர் துடைப்பத்தைத் தொடவே இல்லை. எல்லா ஆண்களுக்கும் பகிர்ந்தால் நாளுக்கு 25 நிமிடம் வருகிறது. பெண்களில் 81.2 சதவீதத்தினர் செய்தார்கள், எல்லாப் பெண்களுக்கும் பகிர்ந்தாலும் 243 நிமிடம் நிற்கிறது. மூன்று மடங்கு என்று தோன்றிய வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிட்டது. எண்கள் ஒரே அறிக்கையின் எண்கள். ஆகவே எந்தச் சராசரியைப் பார்த்தாலும், ‘செய்தவர்களுக்கா, எல்லாருக்குமா?’ என்று முதலில் கேளுங்கள்.

2024-இல் பெண்களின் 299 நிமிடம் 289 ஆகக் குறைந்தது. ஆண்களின் 97 நிமிடமும் 88 ஆகக் குறைந்தது! பெண்களிடமிருந்து குறைந்த 10 நிமிடம் ஆண்கள் பக்கம் போய்ச் சேரவில்லை. மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஓட்டலுக்கும் போனதா என்பதை இந்தச் சராசரிகளை வைத்துச் சொல்ல முடியாது. பராமரிப்பிலும் இப்படியே. 15 முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரித்தார்கள், நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதத்தினர், 74 நிமிடம்.

பெரியவர்களின் ஆயுளை எழுதுவது

உங்கள் அம்மாவின் ஆயுளை அளக்க நேற்றைய தாள் போதாது. 1980-இல் அவர் நாள் எப்படி இருந்தது என்று கேட்டால், ‘அப்போதெல்லாம் மூச்சுவிட நேரமில்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஆண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். வீட்டுக்குள் ஏதாவது வந்த நாளை வைத்துக் கேளுங்கள்: கேஸ் அடுப்பு வருவதற்கு முன், தெருக்குழாய் வருவதற்கு முன், 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே அந்த வீட்டில் இருந்தபோது, அரசு கொடுத்த இலவச டி.வி. 2006-க்குப் பிறகு வந்ததா, அதற்கு முன்பே வாங்கிவிட்டீர்களா, 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்சி கிரைண்டரை உபயோகித்தீர்களா, பெட்டியோடு பரண் மேல் ஏற்றிவிட்டீர்களா. பிரசவங்களும் நல்ல அடையாளங்கள். எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எந்த வீட்டில் இருந்தோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பெண்கள் மறப்பதில்லை.

அந்த ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சாதாரண நாளை மட்டும் தோராயமாக எழுதுங்கள். 48 வரி வேண்டாம். காலை, மத்தியானம், சாயங்காலம், இரவு என்று நாலு கட்டம் போதும். துல்லியம் கிடைக்காது, ஆனால் பெரிய எண்கள் கிடைக்கும். ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவாட்டியது ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று முறை, 20 ஆண்டு என்று ஓர் அம்மா சொன்னால், 4,680 மணி நேரம். ராத்திரி பகலாக 195 நாள். அந்த வீட்டில் இட்லி சாப்பிட்டவர்கள் எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கூட்டலைப் போட்டால் நன்றாக இருக்கும்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். அவர்கள் நாள் அம்மாவின் தாளில் ஏற்கெனவே வந்துவிட்டது.

சரிபார்த்தல்

கூட்டிப் பாருங்கள். ஒன்பது தலைப்பும் சேர்ந்து 1,440 நிமிடம் வர வேண்டும். குறைந்தால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் சாயங்காலம் 4 முதல் 6 மணிக்குள் இருக்கும், அந்த நேரம் யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை. கூடினால் இரண்டாவது பத்தியில் இருந்தது முதல் பத்திக்குள் நுழைந்திருக்கிறது.

கணவன் மனைவி இருவரும் எழுதுவதாக இருந்தால் தனித்தனித் தாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எங்கே, யாருடன்’ என்ற பத்தியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒருவர் ‘வீட்டில், மனைவியுடன்’ என்று எழுதிய அதே அரை மணி நேரத்தை மற்றவர் ‘அடுப்படியில், தனியாக’ என்று எழுதியிருப்பது சகஜம். யாருடையது சரி என்று சண்டை போட வேண்டாம், இரண்டையும் அப்படியே விடுங்கள். எங்கள் வேலையிலும் பதில் சொன்னவரின் வாயை நாங்கள் திருத்துவதில்லை.

தாளின் தலைப்பில் தேதி, கிழமை, எழுதியவரின் வயது, அன்று சாதாரண நாளா இல்லையா என்ற நாலையும் போடுங்கள். வேலை மாறினாலும், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாலும், ஓய்வுபெற்றாலும், வீட்டில் யாராவது படுத்த படுக்கையானாலும் புதிதாக நாலு தாள் எழுதிப் பழைய தாள்களோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். தேதி இல்லாத தாளைச் சேர்க்காதீர்கள். தேதி போடாத படிவத்தை என் மேற்பார்வையாளர் ஒருநாளும் கையில் வாங்கியதில்லை.